அணிலின் வாலில் ஒரு மில்லிமீட்டர்

மூன்றாவது ஜெராக்ஸ் கடையிலிருந்தும் வெறுங்கையோடு வெளியே வந்த டீச்சர், காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

“கதவு உன்னை ஒண்ணும் பண்ணலையே” என்றார் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று பத்து. நாலரைக்கு ரயில். அந்த ரயிலில் ஒரு பெண் ஊரை விட்டுப் போகிறாள். அவள் திருடியா இல்லையா என்று அதற்குள் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. ஊரே இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. கணவரும் அப்படித்தான். அவர் வேலை பார்த்த பாட்டரி கம்பெனி மூடிய மறுநாளே மனைவிக்கு உதவியாளர் ஆகிவிட்டார். கார் ஓட்டுவது, காத்திருப்பது, காத்திருக்கும்போது எதையாவது கொறிப்பது, டீச்சருக்கு வரும் கோபத்தை வாங்கிக்கொள்வது என்று அவருக்கு நாலு பொறுப்புகள். இந்த மூன்று நாளாக நாலாவது பொறுப்பில்தான் வேலை அதிகம்.

மூன்று நாளைக்கு முன்பு, தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள் படிந்த ஒரு பெண் அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவளும் அவள் தங்கையும் சேர்ந்து ஒரு சின்ன மரப் பட்டறை நடத்தினார்கள். சாவி மாட்டும் பலகை, செல்போன் தாங்கி, பெயர்ப் பலகை, சுவர்க் கடிகாரம். தங்கை வரைவாள், அக்கா அறுப்பாள். புதிதாகத் தங்கை வரைந்தது ஒரு அணில் கடிகாரம். வளைந்த வாலுக்குள் கடிகார முகம் உட்கார்ந்திருக்கும். ஒன்றே ஒன்று அறுத்துப் பார்த்து, வரைபடத்தை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தார்கள். வரப்போகும் கண்காட்சியில்தான் அதை வெளியே காட்டுவதாக எண்ணம்.

அதற்குள் கடைவீதியில் உள்ள பரிசுப் பொருள் கடையின் கண்ணாடி ஜன்னலில் அதே அணில் தொங்கியது.

இழுப்பறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அக்காவிடம், ஒன்று தங்கையிடம். போதாததற்கு, இரண்டு மாதம் முன்பு தங்கை அதே கடைக்குச் சாவிப் பலகைகளை எடுத்துக்கொண்டு போய், மொத்தமாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். அது பிடிக்காத அக்கா அன்றைக்கே ஒரு சண்டை போட்டிருந்தாள். இப்போது அணிலைப் பார்த்ததும், தங்கையிடம் உன் சாவி எங்கே என்று கேட்டாள். நீ அப்படி நினைச்சா அப்படியே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டுத் தங்கை பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். பத்து நாளில் தூரத்து ஊரில் வேறு வேலையும் தேடிக்கொண்டாள்.

“அவ எடுக்கலைன்னு சொல்லுங்க டீச்சர்” என்று கேட்டாள் அக்கா. “இல்ல, எடுத்தாதான்னா அதையாவது சொல்லுங்க. ரெண்டும் இல்லாம என்னால மெஷின்ல உட்கார முடியல.”

இந்த மூன்று நாளில் டீச்சர் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பட்டறைக்கு வேறு யாரும் வந்து போவதில்லை. பரிசுக் கடைக்காரர், அது எங்க வீட்டு டிசைன் என்று சொல்லி, அதற்கு மேல் பேச விருப்பமில்லாமல் கடை வாசலைக் காட்டினார். இரண்டாவது தடவை போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. விடுதியில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, கேள்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கா வந்து கேட்டால் பதில் சொல்கிறேன் என்றதோடு சரி.

அன்று காலையில்தான் ஒரு துப்பு கிடைத்தது. கிடைத்ததாக டீச்சர் நினைத்தாள். பட்டறையின் அணிலையும், கடையில் ஆள் வைத்து வாங்கிய அணிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாலின் அகலத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தாள். நம்முடையது நாற்பது மில்லிமீட்டர். கடையினுடையது நாற்பத்தொன்று. ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுக்கும்போது படம் சில சமயம் கொஞ்சம் பெரிதாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே யாரோ வரைபடத்தை எடுத்துப் போய் நகல் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைகள் மூன்றுதான்.

முதல் கடையில் அணிலைப் பார்த்ததும் முயல் என்றார்கள். இரண்டாவதில், தினமும் ஆயிரம் பேர் வருகிறார்கள், நான் முகத்தையா பார்க்கிறேன் என்றார்கள். மூன்றாவது கடையில் மெஷின் ஒரு மாதமாக ரிப்பேர்.

“மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் டீச்சர் கடைசியில். “அந்தப் பொண்ணே எடுத்திருக்கணும். அதைப் போய் எப்படி அவ அக்காகிட்ட சொல்றது.”

கணவர் ஒரு கையில் பன்னோடு பின்சீட்டுக்குத் திரும்பி, துண்டில் சுற்றியிருந்த இரண்டு அணில்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன் துகளை ஊதிவிட்டு ஸ்கேலை வைத்தார். துப்பறிவதற்காக இல்லை. மனைவி அந்த நிலையில் இருக்கும்போது கையில் ஏதாவது வேலை இருப்பது நல்லது என்பது அவர் அனுபவம்.

“டீச்சர், கால் எவ்வளவு இருந்துச்சு?”

“காலை அளக்கல. வாலை அளந்தா போதும்.”

“நம்ம அணில் கால் எட்டு. இது ஒன்பது.”

டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூக்குலேருந்து வால் முடியற வரைக்கும் நம்மது முந்நூறு. இது முந்நூத்தி ஒண்ணு” என்று அவர் பாட்டுக்கு அளந்துகொண்டே போனார். “ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கற சந்துதான் சின்னதாயிடுச்சு. எனக்கென்னவோ இது பெரிசாகல டீச்சர். குண்டாயிருக்கு. என்னை மாதிரி.”

டீச்சர் திரும்பினாள். அவர் கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கி, தானே மறுபடி எல்லாவற்றையும் அளந்தாள். பிறகு இரண்டு அணிலையும் மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியில் கையை வைத்தாள்.

“ஏழாங்கிளாஸ் கணக்குங்க இது. நான் நடத்தின கணக்கு.”

ஜெராக்ஸில் பெரிதாகியிருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகியிருக்க வேண்டும். நாற்பதுக்கு ஒன்று கூடினால் முந்நூறுக்கு ஏழு எட்டு கூட வேண்டும். எட்டுக்குக் கூடுவது கண்ணுக்கே தெரியாது. இங்கே பெரிய அளவோ சின்ன அளவோ, எல்லா இடத்திலும் கூடியது சரியாக ஒரே ஒரு மில்லிமீட்டர். காலையில் இன்னும் ஒரே ஒரு இடத்தில் ஸ்கேலை வைத்திருந்தால் மூன்று கடை ஏறி இறங்கியிருக்க வேண்டாம்.

“அப்ப இது காகிதத்துலேருந்து வரல” என்றாள். “பட்டறைக்கு விடுங்க.”

“பன் பாதி இருக்கு.”

“வண்டியை ஓட்டிக்கிட்டே சாப்பிடுங்க.”

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் மாதிரிகள். ஜன்னலோரம் ஸ்க்ரோல் சா மெஷின் இருந்தது. பார்ப்பதற்குத் தையல் மெஷின் போல, ஆனால் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல மெல்லிய ரம்பப் பிளேடு, தட்டின் ஓட்டை வழியாக மேலும் கீழும் ஓடும். பிளேடு இடம் மாறாது, பலகையைத்தான் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

டீச்சர் அக்காவிடம் ஏதாவது ஒன்றை அறுத்துக் காட்டச் சொன்னாள். எதை என்று அக்கா கேட்டாள். எதையாவது என்றாள் டீச்சர். இரண்டு மணி ஆகப்போகிறது, இந்த நேரத்தில் வேடிக்கையா என்பதுபோல அக்கா பார்த்தாள். ஆனாலும் ஒரு மீன் படம் ஒட்டிய பிளைவுட் துண்டை எடுத்து மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பிளேடு கோட்டின் மேலேயே நகர்ந்தது. துடுப்பைச் சுற்றி, வாலைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் மீன் தனியாகக் கையோடு வந்தது. அக்கா அதன் ஓரத்தை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மேஜைமேல் வைத்தாள். மிச்சப் பலகையை, பார்க்காமலே, காலடியில் இருந்த கோணிப்பைக்குள் போட்டாள்.

டீச்சர் குனிந்து அதை வெளியே எடுத்தாள். பலகையின் நடுவே மீன் வடிவத்தில் ஒரு ஓட்டை. மீனை அதற்குள் வைத்தாள். சரியாகப் பொருந்தியும் பொருந்தாமலும் லேசாக ஆடியது. சுற்றிலும் ஒரு மெல்லிய சந்து.

“பிளேடு எவ்வளவு கனம்?”

“அரை மில்லிமீட்டர்.”

“இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை” என்றாள் டீச்சர்.

அக்காவுக்கு முன்னால் கணவருக்குப் புரிந்துவிட்டது. “அணிலைப் பார்த்து அறுக்கல. அணில் குடியிருந்த ஓட்டையைப் பார்த்து அறுத்திருக்காங்க.”

அக்கா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சர் கடை அணிலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். நம்முடைய அணிலுக்குக் கண் ஒரு சின்னத் துளை. இதற்குக் கறுப்புப் பெயிண்ட். நம்முடையதில் கடிகாரம் வால் வளைவில். இதில் வயிற்றில். திருடியதை மறைக்க மாற்றியிருக்கிறார்கள் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள், டீச்சரும் அதை நம்பியிருந்தாள். மறைக்கவே இல்லை. அறுத்தவனுக்கு வெளிக்கோடு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. உள்ளே எந்தத் துளை எங்கே என்று அவனுக்குத் தெரியாது.

“உங்க தங்கச்சி வரைபடத்தைக் கொடுத்திருந்தா கண்ணும் கூடப் போயிருக்கும்” என்றாள். “அவ சாவிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தக் கோணிப்பை எங்க போகும்?”

அக்கா கோணிப்பையைப் பார்த்தாள். கையிலிருந்த உப்புத்தாளை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

“அது குப்பைதானே டீச்சர்” என்றாள். “எதிர்ல பாலர் பள்ளி இருக்கு. பிள்ளைங்க ஓட்டைக்குள்ள பென்சிலை விட்டுப் படம் வரையும்னு மாசா மாசம் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.”

பாலர் பள்ளியில் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். முழங்கால் உயர நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆயா, அக்காவைப் பார்த்ததும் சிரித்து, பலகை கொண்டு வந்திருக்கிறாளா என்று விசாரித்தாள். சுவர் முழுக்கக் காகிதங்கள். பச்சை யானை, ஊதா மீன், மூன்று கலரில் அடித்த வாத்து. எல்லாம் பட்டறையில் பிறந்தவை. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாவது வரிசையில் ஒரு சிவப்பு அணிலைப் பார்த்ததும் நின்றாள்.

அணில் பலகை எங்கே என்று டீச்சர் கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கு ஒரு பலகை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றாள் ஆயா. அணிலை எடுத்துப் போன பெண் மட்டும் திருப்பித் தரவே இல்லை. கேட்டால் அழுகிறது. யார் வீட்டுப் பெண் என்றதற்கு, கடைவீதியில் பரிசுச் சாமான் விற்கிறாரே, அவர் மகள்தான் என்றாள்.

டீச்சர் படியிறங்கிய வேகத்தில் கணவர் பின்தங்கிவிட்டார். மூன்று நாளாகச் சேர்ந்த எரிச்சல் முழுவதும் இப்போது ஒரு முகவரி கண்டுபிடித்துக்கொண்டது. குழந்தை கொண்டுவந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டு, எங்க வீட்டு டிசைன் என்று வாய் கூசாமல் சொன்ன மனிதர். கடைவீதியில் கார் நிற்பதற்குள் கதவைத் திறந்தாள். அக்காவும் பின்னாலேயே இறங்கினாள்.

“கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் போ” என்றார் கணவர். “அந்த ஆள் எங்கேயும் ஓட மாட்டார். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.”

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். டீச்சர் மேஜைமேல் அணிலை வைத்து, இது உங்க வீட்டு டிசைன் என்று சொன்னீர்களே, வீட்டில் யார் போட்டது என்று கேட்டாள்.

“என் பொண்ணு” என்றார் அவர்.

அவர் கல்லாவுக்குப் பின்னால் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றி எடுத்து வந்தார். கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் அடித்து, உள்ளே பென்சிலில் ஒரு அணில். கீழே பெரிய கோணல் எழுத்தில் ஒரு பெயர்.

“அஞ்சு வயசு. ஒரு கோடு கோணலா இல்ல பாருங்க. நானே நம்பல. தினம் ஒரு அணில் வரைஞ்சு தருவா. கூடவே ஒரு பலகையும் வச்சுத் தூங்குவா, அதை எடுத்துத்தான் ஆசாரிகிட்ட கொடுத்தேன், அளவுக்கு ஆகட்டும்னு.” அவர் குரல் கடினமாயிற்று. “அதைப் போய் நீங்க ரெண்டு தடவை வந்து, எங்கேருந்து திருடினேன்னு கேக்கறீங்க.”

டீச்சருக்குப் புரிந்தது. அந்தப் பலகையின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டுத்தான் பெண் வரைகிறாள் என்பது இந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. பலகையை மகள் பள்ளியில் வாங்கிய ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருக்கிறார். மூன்று நாள் அலைந்து பிடித்த திருடன், மகள் கையெழுத்துப் போட்ட படத்தைச் சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.



அக்காதான் முன்னால் வந்தாள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டின் மேல் விரலால் ஒருதரம் போனாள், தங்கையின் கை போன வழி.

“நல்லா வரைஞ்சிருக்கா” என்றாள். “தப்பு எங்களோடதுதான் சார். மன்னிச்சிடுங்க.”

வெளியே வந்ததும், அவரிடம் சொல்லியிருக்கலாமே, கடிகாரம் உங்களுடையது, நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றாள் டீச்சர். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. அந்த அணில் வெளியே போன வழியில் ஒரே ஒரு ஆள்தான் நின்றிருக்கிறாள். அது கோணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்த அவளேதான். மூன்று முப்பத்தைந்து ஆகிவிட்டது என்று கணவர் ஞாபகப்படுத்தினார்.

பெண்கள் விடுதி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. பார்வையாளர் அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி. தங்கை பெட்டியைக் காலடியில் வைத்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோணிப்பை, பாலர் பள்ளி, சட்டம் போட்ட படம். டீச்சர் நடுவில் வரவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்லும் இடத்தில்தான் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கும். இன்றைக்கு அது வரவில்லை. விடை சரியாக வந்துவிட்டது, ஆனால் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

“அப்ப நான் எடுக்கலைன்னு டீச்சர் கண்டுபிடிச்சுட்டாங்க” என்றாள் தங்கை.

“ஆமா.”

“நீ கண்டுபிடிக்கல.”

தங்கை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நீ எடுத்தியாடின்னு நீ என்னைக் கேக்கவே இல்லக்கா. உன் சாவி எங்கன்னு கேட்ட.”

“கேட்டா நீ சண்டை போடுவே.”

“இப்ப மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?”

கணவர் இருமினார். டீச்சர் அவர் காலை மிதித்தாள்.

அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாவிப் பலகைகளை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கடைக்குப் போனது மட்டும் சரியா என்றாள். சொன்னால் விட்டிருப்பாயா என்றாள் தங்கை. பட்டறையில் ஒரு முடிவாவது தன்னைக் கேட்டு எடுத்ததுண்டா, மாசா மாசம் பள்ளிக்கூடத்துக்குப் பலகை போவதுகூட இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். அதெல்லாம் ஒரு விஷயமா, குப்பைதானே என்று அக்கா சொன்னதும், குப்பை இல்லை, அது என் கோடு என்று தங்கையின் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போன வருடத்துச் சண்டை வந்தது, அதற்கு முந்தையதும் வந்தது. விடுதிக் காப்பாளர் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நடுவில் தங்கை, டீச்சர் கையிலிருந்த கடை அணிலை வெடுக்கென்று வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். காலைத் தடவினாள்.

“இதையா என்னோடதுன்னு நினைச்ச? ஓரத்துல உப்புத்தாளே படல. இந்தக் காலைப் பாரு, யானைக் கால். நான் இப்படி ஒரு காலை வரைவேனா?”

“அதான் எனக்கும் அன்னிக்கே உறுத்துச்சு.”

“உறுத்தினா சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன வச்சிருந்த?”

எதிரே நிலையத்தின் ஒலிபெருக்கி ஏதோ ஒரு ரயிலைப் பற்றிக் கரகரத்தது. மின்விசிறிச் சத்தத்தில் எந்த ரயில் என்று தெரியவில்லை. தங்கை பேச்சை நிறுத்தினாள். மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்திரண்டு. ஓடினால் இன்னும் பிடிக்கலாம்.  அக்கா அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை மணிக்கட்டை மடியில் கவிழ்த்து, அதன்மேல் மற்றக் கையை வைத்துக்கொண்டாள்.

“சரி, கால் இருக்கட்டும்” என்றாள். “வாலுக்கு வா.”